டப்பாவுக்குள் அடங்கிய சீர்

1

எங்கள் தெருவில் வெள்ளிக்கிழமை காலையில் மஞ்சள் மூட்டை எடுக்க வண்டி வரும். பிளாஸ்டிக் குப்பைக்கென்றே இங்கே கொடுக்கும் மெல்லிய மஞ்சள் பை அது. பிளாஸ்டிக்கைக் கட்டிப் போடவும் ஒரு பிளாஸ்டிக் பைதான் வேண்டியிருக்கிறது. முந்தின நாள் மாலையே வாசலில் வைத்துவிட வேண்டும். இப்போதெல்லாம் எங்கள் வீட்டு மூட்டைதான் தெருவிலேயே ஒல்லி. காற்றில் பறந்துவிடாமலிருக்க என் மகள் யாழினி அதன்மேல் ஒரு கல்லை வைக்கிறாள். அவளுக்கு அதில் எவ்வளவு பெருமை என்பது கல்லை வைத்துவிட்டுத் திரும்பும் நடையிலேயே தெரியும்.

ஜெர்மனிக்கு வந்த புதிதில் எங்கள் மூட்டையை எடுக்காமல், சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி வாசலிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். உடைந்த பக்கெட் ஒன்றை அதற்குள் போட்டிருந்தேன். பிளாஸ்டிக்தானே என்று எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில் போன் போட்டுக் கேட்டேன். பிளாஸ்டிக்தான், ஆனால் எதையும் பொட்டலம் கட்டி வந்த பிளாஸ்டிக் இல்லையே என்றார் போனை எடுத்த அம்மா. பொட்டலம் கட்டியது மட்டும்தான் மஞ்சள் மூட்டைக்குள் போகலாமாம். அந்த நியாயம் என் மண்டையில் ஏற வெகுநாள் ஆயிற்று.

பொட்டலம் என்றால் எனக்கு ஞாபகம் வருவது ஒரே ஆள்தான். என் அண்ணன் முருகேசன்.

2

அண்ணனுக்கு ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ பேக்டரியில் பேக்கிங் செக்‌ஷனில் வேலை. ஷூவுக்குள் காகிதம் திணித்து, ஈரத்தை இழுக்கும் சின்னப் பாக்கெட்டை உள்ளே போட்டு, பெட்டியை மூடி ஒட்டுகிற இடம். நான் கல்யாணமாகி ஐரோப்பாவுக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே அவர் ஒட்டிய பெட்டிகள் இங்கே வந்துவிட்டன. ஒரு தடவை அவரையும் வரவழைக்க ஆசைப்பட்டு விசாவுக்கு எழுதிப் போட்டோம். சம்பளச் சீட்டு, பேங்க் கணக்கு, வீட்டுப் பட்டா, பேக்டரிக் கடிதம் என்று கேட்டதையெல்லாம் கொடுத்தும், ஊர் திரும்புவார் என்று நம்பப் போதிய காரணம் இல்லை என்று மறுத்துவிட்டார்கள். திருப்பதிக்குப் போனாலே மறுநாள் ஷிப்டுக்கு ஓடி வந்துவிடுகிற மனிதர் அவர். "பரவால்ல வுடு சுமதி. நான் கட்ற பொட்டிக்கு யாரும் விசா கேக்கறதில்ல" என்று சிரித்துவிட்டு போனை வைத்தார்.

எங்கள் பக்கம் பொங்கலுக்கு அண்ணன்தான் தங்கை வீட்டுக்குச் சீர் கொண்டுபோக வேண்டும். அரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் கொத்து. அப்பா அம்மா இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த வரிசை நிற்கக் கூடாது. கரும்போடு பஸ் ஏறி வர முடியாத தூரத்தில் தங்கை இருந்தால் என்ன செய்வது? நான் ஊருக்கு வந்து திரும்புகிற நாளை அண்ணன் தன் பொங்கலாக வைத்துக்கொண்டார். என் சூட்கேஸ்தான் சீர்த்தட்டு.

கிளம்புவதற்கு முந்தின நாள் குளித்துவிட்டுப் பாயை விரித்து உட்கார்ந்துவிடுவார். வேலூர் லாங் பஜாரில் அவருடைய தோஸ்த் ஒருவர் கடை வைத்திருக்கிறார். தடித்த கவர் அங்கிருந்து வரும். "சும்மா போய்க் கேட்டா இல்லன்னுவான். நான் கேட்டா உள்ளாரயிருந்து எடுத்துக் குடுப்பான்" என்பார். மிளகாய்த்தூளைக் கவரில் கொட்டி, காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயை ஒரு ஆக்சா பிளேடின் மேல் மடித்து, மெழுகுவத்திச் சுடரில் ஓரத்தை மட்டும் காட்டி இழுப்பார். ஓரம் உருகி ஒட்டிக்கொள்ளும். அதை இன்னொரு கவரில் போட்டு மறுபடி ஒட்டுவார். தொக்கு என்றால் மூன்று கவர். அத்தனை வருடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் என் துணியில் பட்டதில்லை. அந்தக் கருகின பிளாஸ்டிக் வாடை எங்கே அடித்தாலும் எனக்கு அண்ணனின் பாய்தான் ஞாபகம் வரும். ஊரின் வாசனை எது என்று யாராவது கேட்டால் மல்லிகை, மண் என்று சொல்லத்தான் ஆசை. உண்மை இதுதான்.

கட்டி முடித்த பெட்டிக்குள் எனக்குத் தெரியாமல் எதையாவது ஒளித்து வைப்பார். ஒரு தடவை கமர்கட். ஒரு தடவை குடியாத்தம் கெங்கையம்மன் திருவிழாக் குங்குமம். ஒரு தடவை, மீந்த தோலில் செய்த சாவிக்கொத்து. நாங்கள் போய்ச் சேர்ந்த மறுநாள் போன் வரும். பத்திரமாகப் போனீர்களா என்றெல்லாம் கேட்க மாட்டார்.

"பிரிச்சியா?"

அவ்வளவுதான் கேள்வி. பிரித்தேன் என்று சொல்லும்வரை வேறு பேச்சு கிடையாது.

அந்தக் கவர்களை நான் ஒருபோதும் குப்பையில் போட்டதில்லை. ஓரத்தை மட்டும் வெட்டி, கழுவிக் காயவைத்து, மாவு போட, பருப்பு போட, யாழினி சின்னக் குழந்தையாக இருந்தபோது நனைந்த துணி வைக்க என்று வருடக்கணக்கில் புழங்கியிருக்கிறேன். இதை அவளிடம் எப்போதாவது சொல்லியிருக்கலாம். சமையலறை சமாசாரம்தானே என்று சொல்லாமலே விட்டுவிட்டேன்.

3

யாழினிக்குப் பதினைந்து வயது. பள்ளியில் பிளாஸ்டிக்குக்கு எதிரான குழுவில் இருக்கிறாள். இந்தத் தடவை கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகலாம் என்றதுமே, போய்த் திரும்பும்வரை தூக்கி எறிகிற பிளாஸ்டிக் எதையும் தொடக்கூடாது என்று சட்டம் போட்டாள். பேக்கிங்கும் அவளே செய்தாள். ஷாம்பூவுக்குப் பதில் தகரப் பெட்டியில் சோப்புக் கட்டி, மாத்திரை வடிவில் பற்பசை, ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில், டம்ளர், ஸ்பூன், துணிப்பை. கிளிப் வைத்து மூடுகிற எவர்சில்வர் டப்பாக்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, ஊரிலிருந்து சாமான் கொண்டுவர வைத்துக்கொண்டாள். என் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. பிழைத்தார்.

விமானத்தில் ஜூஸ் கொண்டுவந்த பெண்ணிடம் டம்ளரை நீட்டினாள். சென்னையிலிருந்து கார் அனுப்புகிறேன் என்ற அண்ணனிடம் ரயிலில்தான் வருவோம் என்றாள். அரக்கோணத்தில் வண்டி நின்றபோது டீ விற்றவரிடமும் டம்ளர் நீண்டது. அவர் ஒரு நிமிடம் யோசித்தார். பேப்பர் கப் ஒன்றை உருவி, அதில் டீ பிடித்து, அதை அவள் டம்ளரில் ஊற்றிவிட்டு, கப்பைக் கசக்கித் தண்டவாளத்தில் போட்டார்.

யாழினி தண்டவாளத்தை எட்டிப் பார்த்தாள். "எதுக்கு கப்?" என்று கேட்டாள்.

"அளவு தெரிய வேணாமா பாப்பா?" என்றார் அவர், உண்மையிலேயே புரியாமல்.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அந்த டீயை ஆம்பூர் வரைக்கும் கையில் வைத்துக்கொண்டே வந்தாள்.

வீட்டில் அண்ணன் எங்களுக்காக மினரல் வாட்டர் பாட்டில்களைப் பெட்டியாக இறக்கி வைத்திருந்தார். "பாப்பாவுக்கு வயிறு ஒத்துக்காதுன்னு வாங்கனேன்" என்றார். யாழினி தனக்குத் தெரிந்த ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புத் தமிழில், "மாமா, நாங்கள் தண்ணீரைக் கொதிக்க வைப்போம். அது போதும்" என்றாள்.

"கொதிக்க வச்சா பூச்சி சாவும். உப்பு போவுமா? இது தோல் பதனிடற ஷாப்புங்க இருக்கிற ஊரு பாப்பா. எங்க கெணத்துத் தண்ணிய மாடே யோசிச்சிதான் குடிக்கும்."

அவள் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். பிறகு வாசலுக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தாள். எல்லாரும் குடிக்கிற கேன் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொள்வது என்று சமரசமானது. கேன் திரும்பப் போய் நிரம்பி வருகிறது என்பதால் அவள் சட்டத்தில் அதற்கு இடமிருந்தது. மாமனும் மருமகளும் அதற்காகக் கைகொடுத்துக்கொண்டார்கள். அந்த மட்டும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

4

கிளம்புவதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. அண்ணன் காலையிலேயே பஸ் பிடித்து வேலூர் போய், லாங் பஜாரில் கவர் வாங்கிக்கொண்டு மத்தியானத்துக்குள் திரும்பிவிட்டார். குளித்தார். பாயை விரித்தார். தேவகி அண்ணி குழம்பு மிளகாய்த்தூள், ராகி மாவு, வேர்க்கடலை, வடகம், புளி, புளிச்சைக் கீரைத் தொக்கு என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்தார். அண்ணன் மெழுகுவத்தியை ஏற்றிப் பிளேடைத் துடைத்து வைத்தார்.

யாழினி தன் டப்பாக்களோடு வந்து அவர் எதிரே உட்கார்ந்தாள். மெழுகுவத்தியைப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. என்னைப் பார்த்து ஜெர்மனில் சொன்னாள். அவள் சொன்னதை வார்த்தைக்கு வார்த்தை இங்கே எழுத என்னால் முடியும்: "அம்மா, மாமாவிடம் சொல். இதெல்லாம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். எல்லாவற்றையும் எடுத்துப் போவோம். ஆனால் பிளாஸ்டிக்கை எரித்தால் அந்தப் புகை மாமாவின் நெஞ்சுக்குள்தானே போகும்? அதற்குத்தான் டப்பா கொண்டுவந்திருக்கிறேன்."

நான் சொன்னது இது:

"அண்ணா, கவர் வேணாம்ணா. பாப்பா டப்பா கொண்டாந்திருக்கா. அதுல எவ்ளோ போவுதோ அவ்ளோ போதும்."

அவள் பேச்சில் இருந்த ஆசையும் நெஞ்சும் புகையும் எங்கே போயின என்று எனக்குத் தெரியவில்லை. வெயில், வியர்வை, மறுநாள் பயணம் என்ற கவலை. வேலை முடிந்தால் போதும் என்று சுருக்கிவிட்டேன். இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சை எடுத்துச் செல்ல நான் ஒருத்திதான் இருந்தேன். அந்த ஒருத்தியும் பாதியை வழியிலேயே இறக்கிவிட்டாள்.

"வேணாமா?" என்றார் அண்ணன். "சரி."

ஊதி மெழுகுவத்தியை அணைத்தார். ஒரு டப்பாவைக் கையில் எடுத்து உள்ளே பார்த்தார். "சின்னதா இருக்குதே. இதுல இன்னா போவும்?"

"போதும்ணா. நாங்க மூணு பேருதானே."

"மூணு பேருக்குன்னா குடுக்கறேன்? ஒரு வருஷத்துக்குக் குடுக்கறேன் சுமதி."

அண்ணி டப்பாக்களை நிரப்பினார். நிரம்பியது போக மீந்ததெல்லாம் சமையலறைக்குத் திரும்பிப் போனது. "வீணாவாது வுடு, நாங்க சாப்டுக்கறோம்" என்றார் அண்ணி, என் முகத்தைப் பார்க்காமல். அண்ணன் வாங்கி வந்த கவர்களை ரப்பர் பேண்ட் போட்டு அலமாரி மேல் வைத்தார். "அடுத்த தபாக்கு ஆவும்" என்றவர், கொஞ்சம் நின்று, "ஆவாது இல்ல?" என்று தானே கேட்டுக்கொண்டார்.

சூட்கேஸை யாழினிதான் அடுக்கி மூடினாள். அண்ணன் வந்து கைப்பிடியைப் பிடித்து ஒரு தடவை தூக்கிப் பார்த்தார்.

"ரொம்ப கம்மியா இருக்குது" என்றார்.

அண்ணன் கொடுக்கிற சீருக்கு நான் அளவு வைத்தேன். அரக்கோணத்து டீக்காரரைப் பார்த்துச் சிரித்த அதே வாயால் வைத்தேன்.

5

எவர்சில்வர் டப்பாவுக்குள் என்ன இருக்கிறதென்று ஸ்கேன் மெஷினுக்குத் தெரியாது. இங்கே இறங்கியதும் சுங்க அதிகாரி சூட்கேஸைத் திறக்கச் சொன்னார். அண்ணன் கட்டிய காலத்தில் ஒருநாளும் திறந்ததில்லை. ஒரு டப்பாவைக் காட்டி இது என்ன என்றார். குழம்புத்தூளுக்கு ஜெர்மனில் என்ன சொல்வது? சூப் பொடி என்றேன். யாழினி குறுக்கே வந்து நீளமாக விளக்கினாள். அவர் தலையாட்டிவிட்டு முகர்ந்து பார்த்துத் தும்மினார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், தொக்கு டப்பாவின் மூடி எங்கேயோ நெகிழ்ந்திருந்தது. யாழினியின் வெள்ளைச் சட்டை, என் புடவை, அண்ணி கொடுத்த குடியாத்தம் லுங்கி எல்லாவற்றிலும் எண்ணெய். அவள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டுபோய் அலசினாள். நான் காலி சூட்கேஸின் பக்கத்தில் உட்கார்ந்து அதன் ஒவ்வொரு ஜிப்பையும் திறந்தேன். செருப்புக்குள் கை விட்டேன். மடித்த புடவைகளை உதறினேன்.

"என்னம்மா தேடுற?"

"ஒண்ணுமில்ல."

மறுநாள் அண்ணன் போன் செய்தார். "பத்திரமா போய்ட்டீங்களா? அங்க குளுரா?" என்று கேட்டார். குளிர் இல்லை, இப்போது இங்கே வெயில்தான் என்றேன். "சரி, ஒடம்ப பாத்துக்க" என்று வைத்துவிட்டார். பிரிச்சியா என்று கேட்கவே இல்லை.

தொக்கு கசிந்ததைப் பிறகொரு நாள் அண்ணியிடம் சொன்னேன், அப்போது அவர்தான் விஷயத்தைச் சொன்னார். யாழினிக்கென்று அண்ணன் ஒரு தோல் பர்ஸ் செய்து வைத்திருந்தாராம். ஆட்டுத்தோல், சிவப்பு நிறம். தையல் செக்‌ஷனில் இருக்கிற பெண்ணிடம் கேட்டுத் தைத்து வாங்கினாராம். "உங்க ஊரு ஈரத்துக்கு காளான் புடிச்சிடும்னு, அந்த ஈரம் இழுக்கற பாக்கெட்ட உள்ள போட்டு, கவர்ல வச்சி ஒட்டிட்டாரு. நீ கவரே வேணாம்னுட்டியா, அப்படியே சட்டப் பையில வச்சிக்கிட்டாரு. இப்ப பீரோல இருக்குது" என்றார்.

"பிரிச்சிக் குடுத்திருக்கலாமே அண்ணி."

"ஒட்டனத அவரே பிரிப்பாரா?"

யாழினியிடம் சொன்னேன். கவர்களைக் கழுவிக் கழுவிப் புழங்கியதையும் அப்போதுதான் சொன்னேன். "மாமாவுக்கு என்மேல் கோபமா?" என்றாள். இல்லை என்றேன். "நான் சொன்னதை முழுசாகச் சொன்னாயா?" என்றாள். அதற்கும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

6

இது இலையுதிர் காலத்தில் நடந்தது. எந்தப் பயணத்துக்கு எவ்வளவு புகை என்று பள்ளியில் அவர்கள் குழு ஏதோ கணக்குப் போட்டிருக்கிறது. சாப்பாட்டு மேஜையில் வந்து உட்கார்ந்தவள், தட்டைத் தொடாமல் சொன்னாள்:

"அம்மா, நாம் கவர், பாட்டில், கப் என்று பார்த்துப் பார்த்து மிச்சம் பிடித்தோம் இல்லையா? நாம் பறந்ததுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய குப்பை. நான் இனிமேல் விமானத்தில் ஏற மாட்டேன்."

"அப்ப மாமா?"

"மாமாவை எனக்குப் பிடிக்கும். அதனால்தான் இத்தனை நாள் சொல்லாமல் இருந்தேன்." அவள் கண் கலங்கியிருந்தது. "மாமா இங்கே வரலாமே" என்று தொடங்கியவள், அதுவும் பறப்பதுதான் என்று அவளுக்கே தோன்றியிருக்க வேண்டும், பாதியில் நிறுத்திக்கொண்டாள். விசாக் கதையை நான் எடுக்கவில்லை.

அவளோடு சண்டை போட என்னிடம் ஒன்றும் இல்லை. அவள் சொல்வது நியாயம். நியாயமான பிள்ளையாக வளர வேண்டும் என்றுதான் நானும் வளர்த்தேன். அந்த நியாயத்துக்குள் என் பிறந்த வீடு அடங்காமல் போகும் என்று நினைக்கவில்லை. பிள்ளைகள் இங்கே குடித்துக் கெட்டுப்போவார்கள், கறி தின்று கெட்டுப்போவார்கள் என்று ஊரில் பயமுறுத்தி அனுப்பினார்கள். நல்லவளாகி விலகிப் போவாள் என்று யாரும் சொல்லி அனுப்பவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் போன் செய்தார். குரலில் பழைய உற்சாகம்.

"சுமதி, பாப்பாவோட டப்பா இருக்குது இல்ல, அதுக்கு அளவு சொல்லு. நீளம், அகலம், ஒசரம்."

"எதுக்குண்ணா?"

"பை தெக்கப் போறோம். உள்ளாரத் தோலு, வெளியில அண்ணி வீட்டுக் குடியாத்தம் லுங்கித் துணி. டப்பாவ அதுல எறக்கி வாய இழுத்துக் கட்டிட்டா, எண்ண கசிஞ்சாலும் வெளிய வராது. பொட்டுப் பிளாஸ்டிக் கெடையாது, பாப்பாகிட்ட சொல்லிடு. தையல் பொண்ணுகிட்ட பேசிட்டேன். ஒவ்வொரு பையிலயும் உள்ள ஒரு சின்ன பாக்கெட் வைக்க சொல்லியிருக்கேன்." கொஞ்சம் நிறுத்தினார். "அது எதுக்குன்னு கேக்காத."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. யாழினி அறை வாசலில் வந்து நிற்பதைப் பார்த்தேன்.

போனையும் அளவு டேப்பையும் எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். டப்பாக்கள் அலமாரியில் இருந்தன. ஒன்றில் மட்டும் ராகி மாவு அடியில் கொஞ்சம் இருந்தது, மற்றவை காலி. யாழினி பின்னாலேயே வந்தாள். டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். நீளம், அகலம், உயரம் என்று ஒவ்வொரு டப்பாவுக்கும் எண்களை அவளே படித்துச் சொன்னாள், தமிழில், நிறுத்தி நிறுத்தி. முடிந்ததும் டேப்பை மேஜையில் வைத்துவிட்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"பாப்பா கொரலா அது? எவ்ளோ தெளிவா சொல்லுது" என்றார் அண்ணன். "அடுத்த ஆடிக்கு வர்றீங்க இல்ல? அதுக்குள்ள தெச்சிடலாம்."

வருகிறோம் என்றும் நான் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை.

"இன்னா சுமதி, லைன்ல இருக்கியா? அந்தப் பெரிய டப்பா அளவு சரியா வெளங்கல. இன்னொரு தபா சொல்லு."

டேப்பை எடுத்து மறுபடியும் அளந்து சொன்னேன்.